இந்த மாத்திரை எதற்கு என்று கேட்க நமக்கு உரிமை உண்டு

(வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேசக் கூப்பிட்ட தோழர், "பெண் உடலும் சாதியும்" என்று தலைப்புக் கொடுத்தார். பெரிய தலைப்பு. நான் பிரசவ வார்டில் வேலை பார்க்கிறவள். எனக்குத் தெரிந்தது ஊசியும் மாத்திரையும் ரத்தமும்தான். அதனால் ஒரே ஒரு மருந்துச் சீட்டைப் பற்றிப் பேசுகிறேன். அதற்குள்ளேயே உங்கள் தலைப்பு முழுவதும் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன்னால், எங்கள் தெருவில் ஒரு பெண் பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்தாள். இருபத்திரண்டு வயது. சுகப்பிரசவம். மூன்றாம் நாளே அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் நான் பார்க்கப் போனபோது ஒரு சீட்டையும் மாத்திரைப் பையையும் எடுத்துக் கொடுத்து, "அக்கா, இதெல்லாம் எதுக்குன்னு சொல்லுங்களேன்" என்றாள். சத்து மாத்திரை, கால்சியம், வலி மாத்திரை, ஆன்டிபயாடிக். கூடவே ஒரு சின்ன மாத்திரை, மெத்தில் எர்கோமெட்ரின். மெத்தர்ஜின் என்ற பெயரில் பலருக்கும் தெரிந்த மருந்து. ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஐந்து நாள்.

எனக்கு அந்த மாத்திரையைப் பார்த்ததும் ஒரு சந்தேகம். "தாய் சேய் நலப் புத்தகத்தை எடு" என்றேன். ஒன்பதாம் மாதப் பக்கத்தில் ரத்த அழுத்தம் 150/100 என்று எழுதியிருந்தது. "தலைவலி இருக்கா?" என்று கேட்டேன். "ரெண்டு நாளா மண்டைய இடிக்குதுக்கா. தூக்கம் இல்லாததாலன்னு நெனச்சேன்" என்றாள்.

உடனே ஆட்டோ வைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனோம். அழுத்தம் முன்பைவிட ஏறியிருந்தது. அங்கிருந்த டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லி, அழுத்தத்துக்கு மருந்து கொடுத்து, அங்கேயே தங்க வைத்துப் பார்த்தார். அவள் பிழைத்தாள். இன்று அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகிறது.

திரும்பி வரும்போது அவளிடம் கேட்டேன்: "டிஸ்சார்ஜ் பண்றப்ப இது எதுக்குன்னு நீ கேக்கலையா?" அவள் சொன்னாள்: "கேட்டேன்க்கா. 'குடுத்தத முழுங்கு, சொன்னா உனக்குப் புரியவா போவுது'ன்னாங்க. பக்கத்துப் பெட்டுல ஒரு டீச்சர். அவங்களுக்கு மட்டும் ஒவ்வொன்னா எடுத்துக் காட்டிச் சொன்னாங்க. என்கிட்ட பேரு கேட்டாங்க, ஊரு கேட்டாங்க. ஊருல எந்தப் பக்கம்னு கேட்டாங்க. அப்புறம் ஒன்னும் சொல்லல."

ஊரில் எந்தப் பக்கம். இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று இங்கே உட்கார்ந்திருக்கும் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கேள்விக்கு அவள் சொன்ன பதிலால், ஒரு மாத்திரையைப் பற்றிய தகவல் அவளுக்குக் கிடைக்காமல் போனது. அந்தத் தகவல் அவள் உயிர் சம்பந்தப்பட்டது. ஆகவே அந்தத் தகவலை இன்றைக்கு உங்கள் எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் டாக்டர் ஆக வேண்டாம், நர்ஸ் ஆக வேண்டாம். உங்கள் அக்காவோ, தங்கையோ, மனைவியோ, நீங்களோ அந்தச் சீட்டை வாங்கும் நாளில் இது ஞாபகம் வந்தால் போதும்.

பிள்ளை பிறந்த பிறகு என்ன நடக்கிறது?

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு ஒவ்வொரு நிமிடமும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போய் வருகிறது. பிள்ளைக்குச் சாப்பாடும் காற்றும் அந்த ரத்தத்தில்தான் போகிறது. பிள்ளை பிறந்து, நச்சுக்கொடி பிரிந்து வெளியே வந்ததும், அது ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக்குழாய்களின் வாய் திறந்து நிற்கும். அதை மூடுவது எது? கர்ப்பப்பையின் தசைதான். அந்தத் தசைநார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கின்றன. பை சுருங்கும்போது நார்கள் ரத்தக்குழாய்களை முடிச்சுப் போட்டதுபோல் நெரித்துவிடும். ரத்தம் நிற்கும். இயற்கையாக நடக்கிற வேலை இது.

சில நேரம் அந்தத் தசை சோர்ந்துவிடும். வலி நீண்ட நேரம் எடுத்திருக்கலாம், இரட்டைப் பிள்ளையாக இருக்கலாம், நச்சுக்கொடித் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம். ஒரு காரணமும் இல்லாமலும் வரும். பை தளர்ந்து கிடந்தால் குழாய் திறந்தே கிடக்கும். நிமிடத்துக்கு அரை லிட்டர் ஓடுகிற இடம் அது. அரை லிட்டர் என்றால் ஒரு ஆவின் பால் பாக்கெட். பிரசவத்துக்குப் பிறகு ஒரு பாக்கெட் அளவு ரத்தம் போனாலே அதைப் பெரும் ரத்தப்போக்கு என்று மருத்துவம் கணக்கு வைத்திருக்கிறது. கவனிக்காமல் விட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் போய்விடும்.

இந்த ரத்தப்போக்கால் உலகத்தில் ஒவ்வொரு வருடமும் ஏறத்தாழ 70,000 பெண்கள் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. இந்தியாவிலும் தாய்மார் சாவுக்கு முதல் காரணம் இதுதான். இத்தனைக்கும் இது தடுக்கக்கூடிய சாவு. மருந்து இருக்கிறது, விலையும் அதிகமில்லை.

ஒரு பூஞ்சையின் கதை

அந்தச் சின்ன மாத்திரை எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் கம்புக் கதிரில் தேன் ஒழுகல் நோய் என்று ஒன்று வரும். விவசாய வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். கதிரில் பிசுபிசுவென்று ஒழுகும், பிறகு தானியம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒன்று முளைக்கும். அதற்கு உறவான ஒரு பூஞ்சை ஐரோப்பாவின் ரை தானியத்தில் வருகிறது. அதன் பெயர் எர்காட். அது கலந்த ரொட்டியைத் தின்ற ஏழை ஜனங்களுக்குக் கைகால் எரிந்து, கறுத்து, அழுகி விழுந்திருக்கிறது. ரத்தக்குழாய்களை அது அப்படி இறுக்கிவிடும்.

அந்த விஷம் கர்ப்பப்பையையும் இறுக்கும் என்று முதலில் கண்டுகொண்டது யார்? பிரசவம் பார்த்த பெண்கள். 1582இல் ஆடம் லோனிட்சர் என்ற ஜெர்மானியர் எழுதிய மூலிகை நூலில், பெண்கள் இதைப் பயன்படுத்துவதாகக் குறிப்பு இருக்கிறது. படித்த வைத்தியர்கள் இதைக் கையில் எடுக்க இன்னும் இருநூறு வருடங்களுக்கு மேல் ஆனது. 1808இல் அமெரிக்காவில் ஜான் ஸ்டேர்ன்ஸ் என்ற மருத்துவர், பிரசவத்தைச் சீக்கிரம் முடிக்க இந்தப் பொடி உதவுகிறது என்று எழுதினார். உடனே எல்லோரும் கொடுக்க ஆரம்பித்தார்கள். பிள்ளை உள்ளே இருக்கும்போதே கொடுத்தார்கள். பை விடாமல் இறுகினால் பிள்ளைக்கு ரத்தம் போகாது. பை கிழியவும் கிழியும். பிள்ளைகள் செத்தன, தாய்மாரும் செத்தார்கள். 1820களில் டேவிட் ஹோசாக் என்ற மருத்துவர், பிள்ளை பிறந்த பிறகு ரத்தத்தை நிறுத்த மட்டும் இதைக் கொடுங்கள் என்று எச்சரித்தார். இன்றைக்கும் அதுதான் விதி.

1935இல் லண்டனில் சாசர் மோயர், டட்லி என்ற இருவர் அந்தப் பூஞ்சையிலிருந்து வேலை செய்யும் பொருளைப் பிரித்து எடுத்தார்கள். அதுதான் எர்கோமெட்ரின். அதைக் கொஞ்சம் மாற்றிச் செய்தது மெத்தில் எர்கோமெட்ரின். தசையில் ஊசியாகப் போட்டால் இரண்டு முதல் ஐந்து நிமிடத்தில் பை கல்லாக இறுகும். அந்த இறுக்கம் மூன்று மணி நேரம் போல நிற்கும்.

இறுக்குகிற மருந்து எல்லா இடத்திலும் இறுக்கும்

இந்த மருந்தைப் பற்றி நீங்கள் ஞாபகம் வைக்க வேண்டியது ஒன்றுதான். கர்ப்பப்பையை இறுக்குகிற மருந்து மற்ற ரத்தக்குழாய்களையும் இறுக்கும். இது புரிந்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது கூடாது. கர்ப்பகாலத்தில் அழுத்தம் ஏறியவர்கள், வலிப்பு வந்தவர்கள், இருதய நோய் உள்ளவர்கள், கைகால் ரத்த ஓட்டத்தில் கோளாறு உள்ளவர்கள் யாருக்கும் கூடாது. ஏற்கெனவே இறுகிய குழாயை இன்னும் இறுக்கினால் மூளையில் ரத்தம் கசியலாம், இருதயத்துக்கு ரத்தம் போகாமல் நிற்கலாம். என் தெருப் பெண்ணுக்கு இருந்த ஆபத்து அதுதான்.

சில மருந்துகள் இதை உடம்பில் கரையவிடாமல் தேக்கிவைக்கும். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள், சில பூஞ்சைக்கொல்லி மருந்துகள், எச்.ஐ.வி.க்குக் கொடுக்கும் சில மருந்துகள் இந்த வகை. அவற்றோடு சேர்த்துத் தின்றால் சின்ன மாத்திரையே பெரிய அளவு மாத்திரையாக வேலை செய்யும். ஒற்றைத் தலைவலிக்கு மருந்து எடுப்பவர்களும் சொல்லிவிட வேண்டும். தாய்ப்பால் கொடுப்பவர்கள், கொடுக்கலாமா, எவ்வளவு நேரம் கழித்துக் கொடுக்கலாம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மருந்து பாலில் கொஞ்சம் போகும்.

குமட்டல், வாந்தி, லேசான தலைவலி இதில் சகஜம். ஆனால் மண்டை பிளக்கிற தலைவலி, கண் மங்குதல், நெஞ்சுவலி, மூச்சு வாங்குதல், விரல் வெளுத்து மரத்துப்போதல் இதில் ஏதாவது வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன். ரத்தம் ஆறாக ஓடும்போது இந்த ஊசி உயிர் காக்கும். ஆனால் ரத்தம் சாதாரணமாக இருக்கும் பெண்ணுக்கு, வீட்டுக்குப் போகும்போது பழக்கத்துக்காக ஐந்து நாள் மாத்திரை எழுதிக் கொடுப்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. அதனால் "எனக்கு இது அவசியமா டாக்டர்?" என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல டாக்டர்கள் அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்வார்கள்.

மெடிக்கலில் கேட்டு வாங்கித் தின்கிற மருந்தும் இது இல்லை. மாதவிடாய் தள்ளிப்போனது என்று தானாக வாங்கி விழுங்கியவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

மற்ற மருந்துகள்

முதல் மருந்து ஆக்ஸிடோசின். பிள்ளை பிறந்ததும் எல்லாத் தாய்க்கும் 10 யூனிட் போட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ரத்தம் போன பிறகு போடுவது அல்ல, போகாமல் தடுக்கவே போடுவது. அழுத்தம் உள்ளவர்களுக்கும் போடலாம். கார்போப்ராஸ்ட் என்று இன்னொரு ஊசி உண்டு, அது ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. மிசோப்ரோஸ்டால் மாத்திரை, இதற்கு ஃபிரிட்ஜ் வேண்டாம், ஊசி போடத் தெரிந்த ஆள் வேண்டாம். குளிரும் காய்ச்சலும் கொஞ்சம் வரும்.

இந்த மிசோப்ரோஸ்டாலுக்கு நம் பக்கத்து மாநிலத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. கர்நாடகாவின் பெல்காம் மாவட்டத்தில், வீட்டிலும் துணை சுகாதார நிலையத்திலும் பிரசவமான 1,620 பெண்களிடம் ஆய்வு செய்தார்கள். மாத்திரையைக் கொடுத்தது கிராமத்துச் செவிலியர்கள். ரத்தப்போக்கு வந்தவர்கள் நூற்றுக்கு 12 பேரிலிருந்து 6.4 பேராகக் குறைந்தார்கள். 2006இல் லான்செட் இதழில் வெளிவந்தது. டாக்டர் போகாத இடத்தில் ஒரு நர்ஸ் கையில் இருந்த மாத்திரை அந்த வேலையைச் செய்தது.

டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தையும் சொல்ல வேண்டும். உறைந்த ரத்தம் கரையாமல் இது காக்கும். கண்டுபிடித்தது ஜப்பானின் உடாகோ ஓகமோட்டோ என்ற பெண் விஞ்ஞானியும் அவர் கணவரும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல், முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வகத்தில் வேலை பார்த்தவர் அவர். 1962இல் கண்டுபிடிப்பை வெளியிட்டார். பிரசவ ரத்தப்போக்குக்கு இதைச் சோதித்துப் பாருங்கள் என்று அவர் சொன்னதை அந்தக் காலத்து மகப்பேறு மருத்துவர்கள் காதில் வாங்கவில்லை. கடைசியில் 21 நாடுகளில் 20,060 பெண்களிடம் சோதித்து, ரத்தப்போக்கால் ஏற்படும் சாவு குறைகிறது, மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் இன்னும் குறைகிறது என்று 2017இல் முடிவு வந்தது. ஓகமோட்டோ அதற்கு முந்தைய வருடம், 98 வயதில் இறந்துபோனார். பெண் சொன்னதைக் கேட்க ஐம்பத்தைந்து வருடம். அந்த ஐம்பத்தைந்து வருடத்தில் செத்தவர்களுக்கு யார் பதில் சொல்வது?

தீட்டு என்ற திரை

இப்போது என் வீட்டுக் கதை ஒன்று. என் பெரியம்மா, அம்மாவின் அக்கா, 1970களின் தொடக்கத்தில் பிரசவத்தில் இறந்தார். அம்மாவுக்கு அப்போது பதினான்கு வயது. அம்மா சொல்லிச் சொல்லி எனக்கு அது மனப்பாடம்.

பிரசவம் நடந்தது வீட்டில் இல்லை, மாட்டுக் கொட்டகையில். பிள்ளை பெறுவது தீட்டு, வீட்டுக்குள் ஆகாது. தரையில் மணலும் சாம்பலும் பரப்பி, கிழிந்த சாக்கும் பழைய துணியும் போட்டிருந்தார்கள். பிள்ளை பிறந்தது. ரத்தம் போய்க்கொண்டே இருந்தது. போகப் போக மேலே சாம்பலை அள்ளிப் போட்டு மூடினார்கள். "பெத்தவளுக்கு ரத்தம் போவத்தான் செய்யும்" என்றார்கள். விளக்கும் சரியாக இல்லை. எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது. மணல் குடித்துவிட்டது, சாம்பல் மறைத்துவிட்டது. பெரியம்மா "கண்ணு இருட்டுது" என்று சொன்ன பிறகுதான் தாத்தா வண்டி கேட்டு ஊர்ப் பக்கம் ஓடினார். வண்டி வைத்திருந்தவர் வாசலில் நின்றே சொன்னாராம்: "பிள்ளப் பெத்த தீட்டு, அதுலயும் நீங்க. என் வண்டியில ஏத்த முடியாது." கட்டிலைக் கவிழ்த்துப் போட்டு, நாலு பேர் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். விடிவதற்குள் போய்விட்டார்.

ரத்தத்தைத் தீட்டு என்று சொன்னவர்கள் அதைப் பார்க்காமல் இருக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். மூடு, மறை, துடை, ஆற்றில் விடு. தொடுகிறவளையும் தீட்டு என்று ஒதுக்கினார்கள். ஊரில் பிள்ளை எடுக்கிற வேலையை மருத்துவர் சமூகப் பெண்களிடம் விட்டார்கள். வடக்கே பல இடங்களில் தலித் பெண்கள்தான் தொப்புள்கொடி அறுப்பார்கள். உயிரை வெளியே எடுத்துக் கொடுக்க அவர்கள் கை வேண்டும். வேலை முடிந்ததும் அதே கை பட்ட இடத்தைக் கழுவ வேண்டும். அவர்களுக்குப் பள்ளிக்கூடமும் கிடையாது, பயிற்சியும் கிடையாது, மரியாதையும் கிடையாது. பிறகு தாய் செத்தால், "அந்த மருத்துவச்சிக்கு ஒன்னும் தெரியல" என்று பழியும் அவர்கள் தலையில்.

இன்றைக்கு மருத்துவம் என்ன சொல்கிறது தெரியுமா? ரத்தத்தை அள. இடுப்புக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, அதன் முனையில் அளவு குறித்த பை. நான் சொன்ன பெல்காம் ஆய்விலேயே இதைப் பயன்படுத்தினார்கள். 2023இல் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு வந்தது. அதில் என்ன செய்தார்கள்? அந்த விரிப்பை வைத்து ரத்தத்தை அளந்தார்கள். கோடு தாண்டியதும் வயிற்றைப் பிசைந்து பையை இறுக்குவது, இறுக்கும் மருந்து, டிரானெக்ஸாமிக் அமிலம், நரம்பில் திரவம், உள்ளே பரிசோதனை எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒரே மூச்சில் செய்தார்கள். கடுமையான ரத்தப்போக்கும் அதை ஒட்டிய சாவும் அறுவைச் சிகிச்சையும் சேர்த்து 60 சதவீதம் குறைந்தன. புது மருந்து ஒன்றும் இல்லை. மறைக்காமல் அளந்தார்கள், அளந்ததும் தாமதிக்காமல் செய்தார்கள்.

கண்ணால் மதிப்பிட்டால் எப்போதும் குறைவாகத்தான் தெரியும் என்பது என் அனுபவத்திலும் உண்மை. பெரியம்மாவுக்கு அந்தக் கொட்டகையில் ஒரு அளவுப் பை இருந்திருந்தால் என்று நான் நினைக்காத நாள் இல்லை.

தாமதம் எங்கே இருக்கிறது?

தாய்மார் சாவை ஆராய்கிறவர்கள் மூன்று தாமதம் என்று சொல்வார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், போன இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். என் பெரியம்மாவுக்கு முதல் இரண்டிலேயே உயிர் போய்விட்டது. வண்டிக்காரரின் வாசலில் நின்ற சாதிதான் அந்த இரண்டாவது தாமதம்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியர், 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையம், 108 வண்டி, 1990களிலிருந்து மருந்தை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், டாக்டர் முத்துலட்சுமி பெயரிலான உதவித்தொகை எல்லாம் சேர்ந்து செய்த மாற்றம் இது. 108 வண்டி சாதி கேட்டு வருவதில்லை. 2018–20 கணக்குப்படி, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தபோது தமிழ்நாட்டில் 54. அசாமில் 195. பிரசவ காலத்தில் உழைக்கும் பெண்ணுக்கு ஓய்வும் ஊதியமும் வேண்டும், அது தேசத்தின் பொறுப்பு என்று அண்ணல் அம்பேத்கர் 1928இலேயே பம்பாய் சட்டமன்றத்தில் வாதாடினார். அந்தப் பாதையில் வந்தவைதான் இவை. யாரும் தானமாகக் கொடுக்கவில்லை.

ஆனால் 54 என்பது சராசரி. சேரியில் எத்தனை, மலைக்கிராமத்தில் எத்தனை, ஊருக்குள் எத்தனை என்று அந்த அட்டவணை பிரித்துச் சொல்வதில்லை. ரத்தசோகைக் கணக்கைப் பாருங்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களிடம் அது இன்னும் அதிகம். ஏற்கெனவே ரத்தம் குறைந்தவளுக்கு ஒரு பாக்கெட் ரத்தம் போவதும் நல்ல உடம்புக்காரிக்குப் போவதும் ஒன்றா? அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் வெள்ளைப் பெண்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகப் பிரசவம் சார்ந்து சாகிறார்கள். அங்கே மருந்துக்குப் பஞ்சமா? வலிக்கிறது, ரத்தம் போகிறது என்று சொல்கிற பெண்ணின் பேச்சை நம்புவதில்தான் பஞ்சம். இங்கே மூன்றாவது தாமதம் அப்படித்தான் வருகிறது. "சும்மா கத்தாத" என்ற ஒரு வார்த்தையில் அரை மணி நேரம் போய்விடும்.

அரசும் சில நேரம் தாமதத்தை உண்டாக்கும். ஆக்ஸிடோசின் ஊசியைப் பால் கறக்க மாடுகளுக்குப் போடுகிறார்கள், தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லி, தனியார் நிறுவனங்கள் உள்நாட்டு விற்பனைக்கு அதைத் தயாரிக்கக் கூடாது என்று ஒன்றிய அரசு 2018 ஏப்ரலில் அறிவிப்பு வெளியிட்டது. நாடு முழுவதற்கும் ஒரே ஒரு பொதுத்துறை நிறுவனம்தான் தயாரிக்க வேண்டும். இரண்டரைக் கோடிப் பிரசவம் நடக்கும் நாட்டில் முதல் உயிர்காக்கும் ஊசிக்கு ஒரே வாசல்! மருந்து உரிமைக்காகப் போராடும் அமைப்புகளும் நிறுவனங்களும் வழக்குப் போட்டன. 2018 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மாட்டுக்கு ஊசி போடுவது தவறுதான். அதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது, ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அதற்காகப் பிரசவ வார்டின் மருந்துப் பெட்டியில் கை வைக்கலாமா என்பதுதான் நம் கேள்வி.

"பாட்டி காலத்தில் எல்லாம்..."

இளைஞர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இப்போது வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் இயற்கைப் பிரசவம், வீட்டுப் பிரசவம் என்று ஒரு மோகம் ஓடுகிறது. "நம்ம பாட்டி பத்துப் பிள்ள வீட்டுலயே பெத்தாங்க" என்பார்கள். பத்துப் பெற்றார்கள், எத்தனை தங்கின? பெற்ற பாட்டிகளில் எத்தனை பேர் என் பெரியம்மா மாதிரிப் போனார்கள்? செத்தவர்கள் பேட்டி கொடுக்க வரமாட்டார்கள். 2018 ஜூலையில் திருப்பூரில், வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில் ஒரு பெண் ரத்தப்போக்கால் இறந்தார். படித்த குடும்பம். நிமிடத்துக்கு அரை லிட்டர் ஓடுகிற இடத்தில் தத்துவம் நிற்காது தோழர்களே.

மருத்துவச்சிகளின் அறிவை மதிக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எர்காட்டைக் கண்டுகொண்டதே அப்படிப்பட்ட பெண்கள்தான். ஆனால் அவர்கள் கையில் அளவுப் பையும் ஊசியும் ரத்த வங்கியும் இல்லாமல் வைத்திருந்ததுதான் பழைய காலம். நம் பாட்டிகளுக்கு வேறு வழி தரப்படவில்லை. தரப்படாததைப் பாரம்பரியம் என்று கொண்டாட நமக்கு என்ன தேவை?

என்ன செய்யலாம்?

உங்கள் வீட்டில் ஒரு பிரசவம் வருகிறது என்றால், முன்கூட்டியே அவருடைய ரத்த வகை, ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம் மூன்றையும் தெரிந்து வையுங்கள். அழுத்தம், ஆஸ்துமா, இருதய நோய் இருந்தால் பிரசவ வார்டில் நுழைந்ததும் சத்தமாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஷிப்டிலும் ஆள் மாறும், மறுபடி சொல்லுங்கள். ரத்தம் கொடுக்கக்கூடிய இரண்டு பேர் கையருகில் இருக்கட்டும். பிறந்ததும் பிள்ளையை மார்பில் போடச் சொல்லுங்கள். பிள்ளை பால் உறிஞ்சும்போது தாயின் உடம்பே ஆக்ஸிடோசினைச் சுரக்கும். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொல்கிற பெரியவர்களிடம் பணிவாக, உறுதியாகப் பேசுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஆபத்து முடியவில்லை. ஆறு வாரம் வரைக்கும் ரத்தப்போக்கு திரும்ப வரலாம். ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுக்க நனைந்தால், எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி விழுந்தால், மயக்கம், படபடப்பு, நாற்றம், காய்ச்சல் வந்தால் 108. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். பதினாறாம் நாள் தீட்டுக் கழியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வீட்டு ஆண்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். பேடை மறைத்து மறைத்துப் போடுகிற வீட்டில் ரத்தம் அதிகமானது யாருக்கும் தெரியாது.

மருந்துச் சீட்டு வாங்கும்போது நான்கு கேள்வி கேளுங்கள். இது எதற்கு? எத்தனை நாள்? எனக்கு இருக்கும் நோய்க்கும் நான் தின்னும் மற்ற மருந்துக்கும் இது ஒத்துக்கொள்ளுமா? என்ன ஆனால் நான் திரும்பி வர வேண்டும்? தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் 17 உரிமைகள் இருக்கின்றன. தகவல் பெறும் உரிமை அதில் ஒன்று. பாகுபாடு காட்டப்படாமல் இருக்கும் உரிமையும் அதில் ஒன்று. அதைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சடித்து உங்கள் ஊர் ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டச் சொல்லி மனு கொடுங்கள். உங்கள் வட்டம் செய்யக்கூடிய வேலை அது.

என் சக செவிலியர்களையும் விட்டுவிட்டுப் பேச மாட்டேன். நாங்கள் ஆள் பற்றாக்குறையில், இரவு முழுக்க நின்று, பத்துப் பேர் வேலையை மூன்று பேர் செய்கிறோம். எரிச்சல் வரும். ஆனால் அந்த எரிச்சல் ஏன் எப்போதும் ஊரின் ஒரு பக்கத்திலிருந்து வருகிறவர்கள் மேலேயே விழுகிறது என்று நாங்கள் எங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். டீச்சருக்கு விளக்கிச் சொல்ல இரண்டு நிமிடம் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு மட்டும் ஏன் இல்லாமல் போனது?

அந்தப் பெண் இப்போது என்ன செய்கிறாள் தெரியுமா? எங்கள் தெருவில் யார் பிரசவமாகி வந்தாலும் முதலில் போய் நிற்பவள் அவள்தான். "சீட்டக் குடு, பிரஷர் எவ்ளோன்னு புக்கக் காட்டு" என்பாள். பத்தாம் வகுப்பு வரை படித்தவள். புரியாத மாத்திரை இருந்தால் எனக்குப் போன் வரும். போன மாதம் ஒருத்திக்கு அந்தச் சின்ன மாத்திரையே எழுதியிருந்தார்கள். "அக்கா, இவளுக்குப் பிரஷர் இல்ல, 110/70. இருந்தாலும் இது எதுக்குன்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டு வரச் சொல்லியிருக்கேன்" என்றாள்.

சொன்னால் புரியாது என்று அவளிடம் சொன்னார்களே, அவர்களுக்கு இதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.